சாவி தராத சீக்ரெட்டம்மா

கடவுளே நேரில் வந்து பாஸ்வேர்ட் கேட்டாலும் "உங்களுக்கு இன்னா வேல ஆவணும், அத்த சொல்லுங்க சாமி" என்று கேட்கக்கூடிய ஒரே ஆள், என் வாழ்நாளில் நான் பார்த்தவரை, எங்கள் சீக்ரெட்டம்மாதான். கடவுளும் வேலை முடிந்து திருப்தியாகத்தான் திரும்பிப் போயிருப்பார். பாஸ்வேர்ட் மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் நான் டிஸ்பாட்ச் பார்க்கிறேன். லாரிக்காரர்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்குப் பெயர்தான் டிஸ்பாட்ச். இது போதாதென்று கம்ப்யூட்டர் அறைக்கு கான்ட்ராக்டில் ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். வந்த அன்றே கேன்டீனில் எடைமேடை அந்தோணி, "உங்களுக்கு இங்க இன்னாக்கா வேல?" என்று கேட்க, அந்த அம்மாள் தயிர்சாதத்திலிருந்து தலை தூக்காமல், "சீக்ரெட்டுங்கள பாத்துக்கறது" என்றார். சாயந்திரத்துக்குள் ஆலை முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. அடையாள அட்டையில் இருந்த பெயர் இப்போது எனக்கே ஞாபகமில்லை.

திருவள்ளூரிலிருந்து தினமும் வருவார். இரண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான் என்றாலும், ரயிலில் வருவதென்றால் சென்ட்ரல் வரை போய், வண்டி மாறி, மறுபடி வடக்கே வர வேண்டும். பாதி ஆயுள் ரயிலிலேயே போய்விடும். பஸ்ஸில் வரலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"பஸ்ல லேப்டாப்ப தொறந்தா பின் சீட்டுக்காரன் எட்டிப் பாப்பான் சார். ரயில்ல லேடீஸ் பெட்டில செவுத்துக்கு முதுகு குடுத்துக்கினு ஒக்காந்தா, பின்னாடி எவளும் நிக்க முடியாது."

இப்படிப்பட்டவர் வந்து சேர்ந்த இடம் எப்படிப்பட்டது என்றும் சொல்ல வேண்டும். லாரி கேட்டுக்குள் நுழைவது, எடைமேடையில் ஏறுவது, கம்பி ஏற்றி மறுபடி எடை போட்டு வெளியே போவது எல்லாம் எங்களிடம் ஓர் அப்ளிகேஷனில் ஓடுகிறது. அது எடைமேடையோடு பேச ஒரு சாவி (இரும்புச் சாவி இல்லை, நீளமான ஒரு ரகசிய எழுத்துக்கோவை), டிரைவர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒரு சாவி, டேட்டாபேஸைத் திறக்க ஒரு பாஸ்வேர்ட். இந்த மூன்றையும் ஒருவர் கேட்டு இன்னொருவர் சொல்லமாட்டேன் என்பது எங்கள் ஆலையில் மரியாதைக்குறைவு. குடிக்கத் தண்ணீர் கேட்டால் தருவதுபோலத் தந்துவிடுவோம். ஷிப்ட் மாறும்போது வாயாலேயே ஒப்படைப்போம். வாட்ஸ்அப் குரூப்பில் பாஸ்வேர்டும் காலை வணக்கமும் ஒன்றாக வரும்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சர்வர் பெட்டியிலேயே ஒட்டியிருந்தோம். ஓர் ஆயுத பூஜைக்குப் பையன்கள் சர்வருக்குச் சந்தனம் வைக்கும்போது அந்தச் சீட்டுக்கும் சேர்த்து வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், சீட்டு சாமியாகிவிட்டது. அப்புறம் அதைக் கிழிக்க எவனுக்குத் தைரியம் வரும்? வருஷா வருஷம் பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு ஏறியதில் கடைசி எழுத்துகள் குங்குமத்துக்குள் போயேபோய்விட்டன. நஷ்டமில்லை. வாசலில் டீ விற்பவருக்கே அது மனப்பாடம்.

சீக்ரெட்டம்மா வந்த முதல் வாரமே அதைப் பிய்த்து எடுத்தார்.

"அக்கா, அது பூஜ போட்டது!" என்று அந்தோணி அலறினார்.

"நீ சர்ச்சுக்குப் போறவன். உனக்கு இன்னா இதுல?"

"நான் வேதக்காரன்தான். சர்வரு வேதத்துல சேரலயேக்கா!"

அந்த அம்மாள் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பொடிப்பொடியாகக் கிழித்து, பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றினார். டேட்டாபேஸ் அன்று மத்தியானம் வரை எங்களில் யாரையும் உள்ளே விடவில்லை. அன்று நான் வாங்கிய திட்டு தனி.

அவருடைய வேலை முறையே வேறு. மவுஸைத் தொடமாட்டார். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளையைத் தட்டுவார். சாவிகளையெல்லாம் ஒரு டூலுக்குள் பூட்டி வைத்திருந்தார். முதலில் டூலின் பெயர், அதன் பின்னால் அப்ளிகேஷனைக் கிளப்பும் கட்டளை. டூல் பெட்டியிலிருந்து சாவிகளை எடுத்து அப்ளிகேஷன் காதில் மட்டும் ஓதிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல வாயைத் துடைத்துக்கொள்ளும். மனிதக் கண்ணில் எதுவும் படாது. எங்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் கேன்டீனில் வைத்து விளக்கினார்.

"கல்யாணத்துல ஸ்டோர் ரூம் சாவி ஒருத்தர்கிட்ட இருக்கும் இல்ல? சமையல்காரரு முந்திரி கேட்டா அளந்து குடுப்பாரு. உள்ள வுடுவாரா?"

"மாப்பிள்ளையோட அப்பாவே கேட்டா?"

"அவரத்தான் சார் மொதல்ல உள்ள வுடக்கூடாது!"

ஒத்திகைக்கு ஓடும் அப்ளிகேஷனும் நிஜமாக ஓடும் அப்ளிகேஷனும் அப்போது ஒரே ஃபைலிலிருந்துதான் விவரங்களைப் படித்துக்கொண்டிருந்தன. அது எங்களுக்குத் தெரியாது. புது எஸ்.எம்.எஸ். வாசகத்தை ஒத்திகையில் சும்மா முயன்று பார்க்கலாம் என்று நானும் அந்தோணியும் "வண்டியுடன் உடனே கேட்டுக்கு வரவும்" என்று தட்டிவிட்டு, டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் எங்கள் பட்டியலில் இருந்த அத்தனை லாரியும் வாசலில். வரிசை நெடுஞ்சாலை வரை போயிருந்தது. ஆந்திர எல்லையில் தடாவிலிருந்து சோற்றைப் பாதியில் விட்டு வந்த டிரைவர் ஒருவர் என் சட்டையைப் பிடிக்காத குறை.

"இன்னா நைனா, கூப்ட்டு வெச்சு கூத்து காட்றியா?"

அதற்கப்புறம் சீக்ரெட்டம்மா எல்லாவற்றையும் தனித்தனிப் பெட்டியாகப் பிரித்தார். ஒத்திகைக்கு ஒன்று, நிஜத்துக்கு ஒன்று. நிஜப் பெட்டியைத் தொட்டால் கருப்புத் திரை "யோசிச்சிட்டியா?" என்று கேட்கும். "யோசிச்சிட்டேன்க்கா" என்று முழுதாகத் தட்டினால்தான் வழிவிடும். "க்கா" விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. ஓய்வு பெறும் வயதில் இருந்த எங்கள் ஜி.எம்.மும் ஒருமுறை கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி "க்கா" போட்டதை நான் இந்தக் கண்களால் பார்த்தேன்.

இன்னொரு கூத்து, அமாவாசை. மாதம் ஒருமுறை சாவிகளை மாற்ற வேண்டுமாம். தேதி மறக்கக்கூடாதென்று அமாவாசையைப் பிடித்துக்கொண்டார். அங்கே வாட்ச்மேன் கேட்டில் பழைய பூசணிக்காயை இறக்கிப் புதுசு கட்டுவார். இங்கே இந்த அம்மாள் காலை நாஷ்டாவைக்கூடத் தொடாமல் கருப்புத் திரை முன்னால் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த அறைப்பக்கமே வரமாட்டார்கள். அமாவாசையன்று அவசர லோடு வந்தால் என் பாடு பேஜாரு. "மாத்திக்கினு இருக்கேன் சார், செத்த இருங்க" என்பார். அவருடைய "செத்த" எவ்வளவு நேரம் என்று கண்டுபிடித்தவர் எவருமில்லை. நான் தினமும் சண்டை போட்டேன். தினமும் தோற்றேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்புவேன். கொஞ்ச நாளில் அவளே, "இன்னிக்கு சீக்ரெட்டம்மா இன்னா பண்ணாங்கோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சோறு போடுவாள்.

வினை காட்டுப்பள்ளியிலிருந்து வந்தது.

ஜி.எம். அன்று துறைமுகத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நின்றிருந்தார். எங்கள் கன்டெய்னர்களின் எடை விவரம் துறைமுகத்துக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. சேராவிட்டால் கப்பலில் ஏற்றமாட்டார்கள். "சாவியைக் கொடுங்கள், நாங்களே உங்கள் சிஸ்டத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம்" என்று துறைமுகத்து ஆள் சொல்ல, ஜி.எம். எனக்குப் போன் போட்டார். நான் ஓடிப்போய் ஸ்பீக்கரில் போட்டு சீக்ரெட்டம்மாவிடம் நீட்டினேன்.

"நான் ஜி.எம். பேசறேன்மா. அந்தச் சாவியைச் சொல்லு, எழுதிக்கறாங்க."

"யாரு சார் எழுதிக்கறாங்க?"

"அது உனக்கு எதுக்கு? சொல்லும்மா!"

"இன்னா வேல ஆவணும் சார்? எடைதான? நான் அனுப்பி வுடறேன். சாவி வாணாம்."

"நான் கேக்கறேன், குடுக்க மாட்டியா?"

"மாட்டேன் சார்."

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது இங்கே வரை கேட்டது. சீக்ரெட்டம்மா அதற்குள் இரண்டு வரி தட்டி, என்டர் அடித்துவிட்டார். எடை போய்ச் சேர்ந்தது. கன்டெய்னர் கப்பலேறியது. ஜி.எம். முகம் மட்டும் ஏறாமல் அங்கேயே கிடந்தது.

மறுநாள் என்னையும் வைத்துக்கொண்டுதான் கேட்டார். "என் கம்பெனி சாவியை எனக்கே தரமாட்டீங்க, அப்படித்தானே?"

"கம்பெனி உங்களுது சார். சாவி உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல. அப்ளிகேஷனோடது."

"எழுத்துல மன்னிப்பு கேளுங்க. இல்லன்னா இந்த மாசத்தோட கான்ட்ராக்ட் முடியுது."

அவர் கணவருக்கு அம்பத்தூரில் வேலை போய்விட்டிருந்தது. மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீடு இந்த அம்மாள் சம்பளத்தில்தான் ஓடியது. நானும் அந்தோணியும் மாற்றி மாற்றிக் கெஞ்சினோம். "ஒரு வரிதானக்கா, எழுதிக் குடுத்துட்டு ஒன் வேலய பாரு" என்று அந்தோணி கையெடுத்துக் கும்பிட்டார். சீக்ரெட்டம்மாவும் எழுதினார். படித்துப் பார்த்தால், நாலு பேர் முன்னால் மறுத்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். மறுத்ததற்கு இல்லை.

"அத்தயும் எழுதிட்டா, நாள்பின்ன கேக்கற எல்லாருக்கும் குடுக்கணும் சார்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஜி.எம். அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கடைசி நாளன்று ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, "பக்கத்துலயே உக்காருங்க. ஏதாவது வழி வெச்சுட்டுப் போயிடப் போறாங்க" என்றார். எனக்கு வாய்த்த உத்தியோகங்களிலேயே கேவலமானது அதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"காவலுக்கா சார்?"

"சும்மாதான் மேடம்."

"ஒக்காருங்க, ஒக்காருங்க. நானா இருந்தாலும் ஒரு ஆள ஒக்கார வெச்சிருப்பேன்."

சென்னையிலிருந்து வேலையை ஏற்றுக்கொள்ளும் பையனைப் போனில் பிடித்து, டூலுக்குள் அவன் பெயரைச் சேர்த்தார். "நான் போன ஒடனே எல்லாச் சாவியயும் மாத்துப்பா. நான் வெச்சது ஒண்ணுகூட இருக்கக்கூடாது" என்றார். அப்புறம் ஒரு கட்டளை தட்டித் தன் பெயரைத் தானே நீக்கினார். அதோடு விடவில்லை. ஒரு திருடன் எப்படியெல்லாம் முயல்வானோ அப்படியெல்லாம் உள்ளே போகப் பார்த்தார். ஒவ்வொரு முறையும், உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

"என்னயே உள்ள வுடல சார்!" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

பிறகு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "நல்லா பாத்துக்கோங்க. நாளைக்கு எதுனா ஆச்சின்னா உங்களத்தான் கேப்பாங்கோ. 'அந்தம்மாவுக்கு வழியே இல்ல, நான் கண்ணால பாத்தேன்'னு தைரியமா சொல்லுங்க."

பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். சாயந்திரம் ஜி.எம். போன் செய்தார்.

"எல்லாம் சரியா பூட்டியாச்சா?"

"ஆச்சு சார்."

"நல்லா செக் பண்ணீங்களா?"

"அவங்களே பண்ணாங்க சார்."

ஜி.எம். போனை வைத்துவிட்டார். அன்று இரவு என் மனைவி வழக்கம்போல, "இன்னிக்கு சீக்ரெட்டம்மா இன்னா பண்ணாங்கோ?" என்று கேட்டாள். "தன்னையே வெளில வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றேன்.