குருமீனுக்கு ஒரு பிடி பொரி

வெள்ளிக்கிழமை குருவிநத்தத்திலிருந்து திரும்பும் ஷேர் ஆட்டோக்களில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை இருக்கும். பைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு தங்கமீன். வண்டி குலுங்கினால் ஓட்டுநருக்குத் திட்டு விழும். சும்மாவா? குடும்பத்தின் கண்டம் முழுக்க அந்த விரல் நீள மீனின் தலையில் அல்லவா இருக்கிறது!

எல்லாம் மச்ச சித்தர் புகழ்வேந்தனின் அருள். முன்பு வில்லியனூரில் மீன் தொட்டிக் கடை வைத்திருந்தார். மீன் விற்கவில்லை. தாடி வளர்த்தார். விற்றது.

அவருடைய வைத்தியம் எளிது. தினமும் காலையில் நோயாளியின் பெயரைச் சொல்லி வீட்டுத் தொட்டியில் ஒரு பிடி பொரி போட வேண்டும். தண்ணீரை மட்டும் மாற்றவே கூடாது. மாற்றினால் அருள் சாக்கடைக்குப் போய்விடும். நோய் மீனுக்குள் இறங்கும், மீன் செத்து மிதக்கும், கண்டம் கழியும். மிச்சமிருக்கும் நோய்க்கு அடுத்த வெள்ளி அடுத்த மீன். சோரியாங்குப்பத்தில் செத்த மீனுக்கு மாலை போட்டுப் புதைத்த புண்ணியவான்களும் உண்டு.

ரோசம்மாளின் புருஷன் சூசைநாதன் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய் முட்டி போடுகிறவர். வெள்ளிக்கிழமை சித்தரிடமும் முட்டி போட்டார். ஏமாறும் இடத்தில் மட்டும் நம் ஜனங்களுக்கு மத வேறுபாடு கிடையாது. அவருக்குச் சர்க்கரை. காலில் ஆறாத புண். மாத்திரையை நிறுத்தினால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று அரியூர் டாக்டர் சொல்லியிருந்தார். மீன் வந்த அன்றே மாத்திரை பரணுக்குப் போனது.

முதல் மீன் செத்தது. சூசைநாதன் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். இரண்டாவது மீன் வருவதற்குள் பொரி அழுகித் தண்ணீர் கழுநீராகிவிட்டது. சோற்றுத் தட்டோடு உட்கார முடியாத நாற்றம். புண்ணும் பெரிதாகிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அவர் வெளியே போன நேரம் பார்த்து, மக்கை எடுத்தாள். தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்க அவளால் ஆகாது. அதனால் அடியில் ஊறிக் கிடந்த பொரியோடு கொஞ்சம் தண்ணீரை மோந்து கொட்டினாள். முதல் நாள் பிடித்து வைத்திருந்த குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். பிறகு தினம் அதே வேலை. அவர் போடும் பொரியை அவர் தலை மறைந்ததும் அரித்தெடுத்தாள். வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த மீன் வாலை ஆட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

சூசைநாதனுக்குக் கை கால் ஓடவில்லை.

"இன்னாடி இது, மீனு சாவவே மாட்டேங்குது! தண்ணிய கிண்ணிய மாத்தினியா?"

"ஆமாய்யா, மாத்துனேன். வூடே நாறுது."

"அடிப்பாவி! என்னைக் கொல்லணும்னே முடிவு பண்ணிட்டியா?"

மீன் பிழைத்ததற்காக ஒரு மனுஷன் ஒப்பாரி வைத்தார். புண்ணுக்கு அழவில்லை, மீனுக்கு அழுதார். அன்றைக்குத்தான் ரோசம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது.

வெள்ளிக்கிழமை குருவிநத்தம் கொட்டகையில் மனைவியைக் குற்றவாளியாகச் சித்தர் முன் நிறுத்தினார். கூட்டம் 'உச்' கொட்டியது. சித்தர் கண்ணை மூடினார். "தாயே, அருள் தண்ணியைக் கொட்டினது பெரிய தோஷம். பரிகாரமா ஜோடி மீன் வாங்கணும்."

ரோசம்மாள் அவரைப் பார்க்கவில்லை. அவர் பின்னாலிருந்த பெரிய தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மோட்டார் குமிழி விட்டது. தலை வீங்கிய சிவப்பு மீன் ஒன்று ராஜா போல நீந்தியது. தொட்டிக்குப் பின்னால் தொங்கிய திரைக்கு அடியில் ஈரமான வாளியும் ரப்பர் குழாயும் எட்டிப் பார்த்தன.

"சாமி, இந்த மீனு எப்பலேர்ந்து இருக்குது?"

"ஆரம்பத்துலேர்ந்து. குருமீன்."

"சாவவே இல்லியா? அப்ப ஒங்க கண்டத்த யார் வாங்குறது? பாவமா இருக்குது சாமி." புருஷன் மந்திரிக்கக் கொண்டுவந்திருந்த பையிலிருந்து பொரியை அள்ளினாள். "ஒங்க பேரச் சொல்லி நானே ஒரு பிடி போடுறேன்."

கை தொட்டிக்கு மேலே போனது. முக்காலமும் உணர்ந்த சித்தர் துள்ளி எழுந்து அவள் கையைப் பிடித்தார்.

"ஐயோ, போடாதம்மா! தண்ணி கெட்டுடும், மீன் செத்துடும்!"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாய்யா?" என்றாள் ரோசம்மாள். "நம்ம மீனு ஒன் நோவு தின்னு சாவல. பொரி அழுகிச் செத்துது. சாமியே சொல்லிடுச்சி."

சூசைநாதன் தன் காலைக் குனிந்து பார்த்தார். அப்புறம் சித்தரைப் பார்த்தார். "மாத்திரைய எங்கடி வச்சேன்?" என்றார்.

கூட்டம் பாய்ந்து சித்தரை உலுக்கியது. பின்வரிசையில் ஒருவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அப்ப அரைப் பிடி போடலாமா சாமி?"

அடுத்த வெள்ளி கொட்டகை பூட்டிக் கிடந்தது. சித்தர் திருக்கனூர் பக்கம் ஆமையோடு உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. அங்கேயும் கூட்டமாம்.

தொட்டி நாறினால் மோந்து கொட்ட ஒரு மக் போதும், யார் வேண்டுமானாலும் செய்யலாம். தலைக்குள் ஊறிக் கிடக்கும் பொரியை அவரவர்தான் அள்ளிக் கொட்ட வேண்டும்.