கொன்ரோல் மிச்சம் பிடித்த நேரம்

முல்லைத்தீவு மாவட்டத்தில் கொன்ரோலைப் போல அவசரக்காரரும் இல்லை, அவரிடம் போய் நேரத்துக்கு வேலை முடித்து வந்தவரும் இல்லை.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட கொம்பியூட்டரில் கடிதம் அடித்துக் கொடுக்கிற கடை அவருடையது. மற்றக் கடைகளில் பிள்ளைகள் மவுசை நகர்த்தி, அமத்தி, பேசாமல் வேலையை முடித்துத் தருவார்கள். இந்த மனுசன் மவுசைத் தொடமாட்டார். அதன் வயரை அதன் உடம்பிலேயே சுற்றி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். எல்லாம் விசைப்பலகையின் விசைகளால்தான். சின்னவிரல் கொன்ரோல் என்ற விசையில் ஊன்றி நிற்க, மற்ற விரல்கள் நண்டு மாதிரி ஓடும். பெயர் வந்தது அப்படித்தான்.

"மவுஸ் பிடிச்சு வேலை செய்யிறது, கட்டுமரத்தில கொழும்புக்குப் போற மாதிரி, அண்ணை" என்பார். நான் கடலுக்குப் போகிறவன். கட்டுமரம் என்றாலும் ஒருநாள் போய்ச் சேரும். இவருடைய வேகம் கரையை விட்டே கிளம்பாது. ஒரு வேலையில் மூன்று செக்கன் மிச்சம் பிடிப்பார். பிடித்த விதத்தை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் எடுப்பார்.

அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்த மீன்காரி ஒருத்தியைக் கதிரையில் இருத்தி, வெட்டுவது எந்த விசை, ஒட்டுவது எந்த விசை என்று பாடம் நடத்தினார். வாசலில் அவளுடைய பெட்டியில் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த ரெண்டையும் பழகினியள் எண்டா சீவியத்தில பாதி மிச்சம்" என்றார்.

"அந்த மிச்சத்தில இருந்து இந்த மீனைத் தின்னப்போறது ஆர், நீரோ?" என்று கேட்டுவிட்டு அவள் பெட்டியைத் தூக்கினாள்.

எங்கள் கோயில் திருநாள் அறிவித்தலும் அவரிடம் மாட்டியது. நான் கோயில் மூப்பர்களில் ஒருவன், அடிப்பித்தவன் நானே. ஒட்டியதைத் திரும்பி வாசித்தால் நேரம் போய்விடுமாம், வாசிக்க மாட்டார். பூசை முடிவில் பாதர் தாளை எடுத்து, "நற்கருணை ஆராதனையைத் தொடர்ந்து" என்று தொடங்கி, அதே மூச்சில், "நாளொன்றுக்கு மூன்று லீற்றர் கறக்கும், உதைக்காது" என்று வாசித்தார். எனக்கு முதல் யாரோ மாடு விற்க விளம்பரம் அடிப்பித்திருக்கிறார்கள், அதன் துண்டு எங்கள் அறிவித்தலில் ஒட்டுப்பட்டுவிட்டது. சனம் சிரித்ததில் எனக்கு முழந்தாளில் இருந்து எழும்பவே முடியவில்லை. போய்க் கேட்டதற்கு, "ஆனா எவ்வளவு கெதியா ஒட்டினனான் எண்டு பாருங்கோ" என்றார்.

அப்படிப்பட்டவரிடம் என் மகளை நானே கூட்டிக்கொண்டு போக வேண்டி வந்தது. ஜெனி தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இருந்தாள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். கிராம அலுவலர், எங்கள் விதானையார், தர வேண்டிய கடிதம் கைக்கு வந்ததே கடைசி நாள் காலையில். விண்ணப்பத்தை அடித்து, மூன்று மணிக்கு முன் பதிவுத் தபாலில் போட வேண்டும். மற்றக் கடைகளில் வரிசை. கொன்ரோலின் கடையில் எப்போதும் இடம் இருக்கும்.

அடிக்கத் தொடங்கினார். ஒரு வரி அடிப்பார், உடனே கொன்ரோலையும் எஸ் எழுத்தையும் சேர்த்து அமத்துவார். அடித்ததைச் சேமிக்கிற விசை அது என்று ஜெனி காதில் சொன்னாள். பெயர், அமத்தல். பிறந்த திகதி, அமத்தல். நாங்கள் சாப்பாட்டுக்கு முன் ஒருதரம் சிலுவை அடையாளம் போடுவோம். இவர் ஒவ்வொரு கவளத்துக்கும் போடுவது போல இருந்தது.

"தம்பி, முடிவில ஒருக்கா அமத்தினாக் காணாதோ?" என்றேன். அடுத்த வரியை அடித்தார், அமத்தினார். விசையைப் பற்றிக் கேட்டும் அவர் வாய் திறக்காததை அன்றுதான் கண்டேன்.

கடைசிப் பந்தியில் கரண்ட் போனது. கரண்ட் இல்லாத நேரத்துக்கென்று ஒரு பற்றரிப் பெட்டி இருந்தது. அது செத்து வருடக்கணக்கு, அதன்மேல் அவருடைய சோற்றுப் பார்சல் இருந்தது. ஜெனி "அப்பா" என்றாள். நான் மாட்டுக் கதையில் தொடங்கி, வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டி வந்த சொற்களும் அதில் இருந்தன. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டரைக்குக் கரண்ட் வந்தது. விண்ணப்பம் ஒரு எழுத்தும் குறையாமல் அப்படியே இருந்தது. மிச்ச வரிகளை அடித்து, அச்செடுத்து, முதல்தடவையாக ஒரு விளக்கமும் இல்லாமல் நீட்டினார். ஜெனி தபால் கந்தோருக்கு ஓடினாள். முத்திரை விழுந்தபோது மூன்றாக ஐந்து நிமிடம் இருந்ததாம்.

ஏசிய வாயால் நன்றி சொல்வது லேசில்லை. அந்த விசையை மட்டும் ஏன் பேசாமல் அமத்துகிறீர் என்று கேட்டேன்.

"முந்தி ஒரு அம்மா வந்தவா, அண்ணை. காணாமப்போன மகனைப் பற்றி முறைப்பாடு. ஒரு மணித்தியாலமா அழுதழுது சொன்னவா. அடிச்சு முடிக்கிற நேரம் கரண்ட் போயிட்டுது. நான் ஒண்டும் சேமிக்கேல்லை." சின்னவிரல் தானாகக் கொன்ரோலில் போய் ஊன்றியது. "அவாவைத் திரும்ப முதல்ல இருந்து சொல்ல வைச்சனான்."

நான் கூலியை எண்ணி மேசையில் வைத்தேன்.

ஜெனி இப்போது பயிற்சியில் இருக்கிறாள். கொன்ரோல் திருந்தவில்லை, போன கிழமையும் என்னைப் பிடித்து இருத்தி ஒரு புது விசை காட்டினார், எனக்கு பஸ் போய்விட்டது. பின்னேரம் செபமாலை முடிய வீட்டில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மன்றாடுவோம். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. "கொன்ரோலையும் காத்தருளும்" என்று சொல்லி விடுகிறேன். ஆண்டவருக்கு ஆளைத் தெரியும்.