ஏணியண்ணையின் நவம்பர்

டென்மார்க்கின் மத்திய யூட்லாந்தில் தமிழர் வீட்டுக் கூரைகளில் பாதி இன்றுவரை காற்றோடு போகாமல் இருப்பதற்கு ஏணியண்ணைதான் காரணம். மற்றப் பாதி ஒழுகுவதற்கும் அவர்தான் காரணம். இரண்டையும் அவர் ஒரே அக்கறையோடு செய்தபடியால் ஒருவரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். இக்காஸ்டில் ஒரு துணி ஆலையில் ஓய்வு பெறும்வரை அந்தப் பெயரில்தான் சம்பளம் வாங்கியிருப்பார். ஆனால் அவருடைய சாம்பல் நிறக் காரின் மேல் ஓர் அலுமினிய ஏணி எப்போதும் கட்டியே கிடந்ததால், எங்களுக்கு அவர் ஏணியண்ணை. கோயிலுக்கு ஏணியோடு வருவார். செத்த வீட்டுக்கும் ஏணியோடுதான் வருவார். ஹேர்னிங்கில் ஒரு கல்யாணத்தன்று மணமகளின் கார் நடுவழியில் நின்றுவிட, பெண்ணை ஏற்றிவந்தவர் இவர்தான். அந்தக் கல்யாண வீடியோவில் முதலில் ஏணி வரும். கொஞ்சம் பொறுத்துப் பெண் வருவாள்.

"ஏனண்ணை, இண்டைக்கெண்டாலும் உதைக் கழட்டி வைச்சிட்டு வந்திருக்கலாமே?" என்று மாப்பிள்ளையின் தகப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"மண்டபத்துக் கூரையைப் பாத்தனீரே? முகட்டில ரெண்டு ஓடு விலகிக் கிடக்கு. எனக்கு நன்றி சொல்லும்" என்றார் ஏணியண்ணை.

நாங்கள் இக்காஸ்டில் வீடு வாங்கிய ஆண்டின் ஓகஸ்ட் மாதம். ஓடுகளில் பாசி பிடித்திருந்தது. கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் ஓடும் பீலி முழுக்க முந்தின ஆண்டின் சருகு. இலை அடைத்த பீலியில் தண்ணீர் நின்று உறைந்தால் குழாய் வெடிக்கும் என்று பக்கத்து வீட்டு டெனிஷ்கார முதியவர் வேலிக்கு மேலால் எச்சரித்திருந்தார். ஏணியண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இப்பவோ? ஏலாது."

"நல்ல வெயிலடிக்குது அண்ணை. இப்ப ஏறாமல் எப்ப ஏறுறது?"

"தம்பி, நீர் படிச்ச மனிசன். ராகு காலம் எப்பிடிக் கணக்கெண்டு தெரியுமே?"

"பகலை எட்டாப் பிரிச்சு அதில ஒரு பங்கு."

"அப்ப யோசிச்சுப் பாரும். இஞ்சத்தைக் கோடைப் பகல் எவ்வளவு நீளம்? ஊரில ஒண்டரை மணித்தியாலத்தில எழும்பிப் போற ராகு, இஞ்ச ரெண்டு மணித்தியாலம் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். உதுக்குள்ள கூரையில ஏறச் சொல்லுறீரோ?"

"மிச்ச நேரம் கிடக்குதே அண்ணை?"

"அதில எமகண்டம் கிடக்கு."

"அதுவும் ஒரு பங்குதானே!"

"நவம்பர் வரட்டும். பகல் சுருங்கும். ராகுவும் சுருங்குவான். ஒரு மணித்தியாலத்தில ஆள் போயிடுவான். பிறகு பாரும் வேலையை."

கணக்கில் பிழை இல்லை. நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அதனால்தான் டெனிஷ்காரர்கள் எல்லாரும் செப்டெம்பரோடு கூரை வேலையை முடித்துவிட, எங்கள் ஆட்களின் கூரைகள் மட்டும் ராகு சுருங்குவதற்காக நவம்பர்வரை காத்துக் கிடந்தன.

நவம்பரில் வந்தார். வியாழக்கிழமை என்கிறாள் மனைவி. வெள்ளிதான், அன்று எங்கள் வீட்டில் மரக்கறி. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர், அதன்மேல் வீதி வேலைக்காரரின் மஞ்சள் அங்கி, நெற்றியில் ஒரு விளக்கு. மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஓடெல்லாம் உறைபனி.

அவர் வேலை செய்யும் விதம் இது. மேலே ஏறுவார். பீலியிலிருந்து ஒரு கைப்பிடி சருகு அள்ளிக் கீழே போடுவார். பிறகு முகட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்ப் புதினம் சொல்வார்.

"தம்பி, கிரின்ஸ்டெட்டில எங்கட ஆள் ஒருத்தர் புது வீடு வாங்கினவர் எல்லே? கூரை பாத்தன். முன்பக்கம் மாளிகை, பின்பக்கம் கோழிக்கூடு!"

"மெல்லக் கதையுங்கோ அண்ணை, தெருவெல்லாம் கேக்குது."

"கேட்டால் என்ன, தெருவில ஆருக்குத் தமிழ் தெரியும்? பிள்ளை, தேத்தண்ணி வைச்சாச்சே? சீனியைக் கூடப் போடும், மேல குளிர்" என்று என் மனைவிக்குக் குரல் கொடுப்பார்.

இறங்குவார். தேநீர் குடிப்பார். திரும்ப ஏறி அடுத்த கைப்பிடி. உடைந்த ஓட்டைக் கண்டால் புது ஓடு வாங்கவிட மாட்டார். பின்பக்கத்தில், ஒருவர் கண்ணிலும் படாத இடத்திலிருந்து ஓர் ஓட்டைக் கழற்றி முன்பக்கத்தில் பொருத்துவார். அடுத்த மழைக்குப் பின்பக்கம் ஒழுகும். அதைப் பார்க்க அடுத்த கிழமை வருவார். டென்மார்க்கில் ஆட்கள் அரை நாளில் முடிக்கும் கூரை, அவர் கையில் கார்த்திகை விளக்கீடு தாண்டியும் போகும்.

பக்கத்து வீட்டு முதியவர் ஒருநாள், இந்த மனிதர் ஏன் பனியில் ஏறுகிறார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த டெனிஷில் ராகு காலத்தை விளக்கினேன். கோடையில் நீண்டு, வேலை செய்ய விடாமல் தடுக்கும் ஒரு கெட்ட நேரம் என்றேன். அவர் ஆழ்ந்து யோசித்துவிட்டு, "எங்களுக்கும் அது உண்டு. யூலை விடுமுறை என்று சொல்வோம்" என்றார்.

இப்படியே சில ஆண்டுகள். பிறகு ஒரு நவம்பரில், எங்கள் கூரையில்தான், கதையின் சுவாரசியத்தில் அவர் இரண்டு கையையும் விட்டார். பாசியில் வழுக்கி, பீலியில் கால் மாட்டி, பீலியோடு கழன்று, என் மனைவி ஆசையாக வளர்த்த பூஞ்செடிப் பற்றைக்குள் வந்து விழுந்தார். நாங்கள் அலறிக்கொண்டு ஓடினோம்.

"விட்ட இடம் எது?" என்றார் பற்றைக்குள் இருந்து. "ஓம், அந்த வாத்தியாரின்ர கராஜ்..."

கணுக்கால் முறிந்திருந்தது. கோப்பன்ஹேகனிலிருந்து மகள் வந்தாள். அவருக்கு இருந்தது அவள் ஒருத்திதான். மனைவி காலமாகிப் பல ஆண்டு. மகள் டெனிஷில் பேசினாள், அவர் தமிழில் மறுமொழி சொன்னார், இருவரும் ஒருவர் சொன்னதை ஒருவர் முழுதாக விளங்கிக்கொண்டு சண்டை பிடித்தார்கள். முடிவில் ஏணி காரிலிருந்து இறங்கிக் கராஜுக்குள் போனது. மகள் அவருடைய தொலைபேசியில் இருந்த வீடுகளுக்கெல்லாம் எடுத்து, தனக்குத் தெரிந்த தமிழில், "அப்பாவைக் கூரைக்குக் கூப்பிட வேண்டாம், பிளீஸ்" என்று கெஞ்சினாள். அவள் சொன்னது நியாயம். எல்லாரும் ஓம் என்றோம். அடுத்த ஓகஸ்டில் ஒரு கம்பனிக்காரரைக் கூப்பிட்டோம். இரண்டு பெடியன்கள் வந்து, ஒரு சொல் கதைக்காமல், மத்தியானத்துக்கு முன் முடித்துவிட்டுப் போனார்கள். கூரை ஒழுகவில்லை.

போன நவம்பர் வந்தது. இங்கே நவம்பரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாலு மணிக்கு இருட்டு. தெருவில் ஆளில்லை, சன்னல்தோறும் ஒரு சிறு விளக்கு மட்டும். எங்கள் பிள்ளைகள் வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. வானொலியை நான் போடுவது பாட்டுக் கேட்க அல்ல.

ஒரு பின்னேரம், அந்தச் சாம்பல் நிறக் கார் எங்கள் வீட்டுக்கு முன் நிற்கக் கண்டேன். மேலே ஏணி இல்லாமல் அது மொட்டை அடித்ததுபோல் இருந்தது. உள்ளே அவர் என்ஜினை நிறுத்தாமல், எங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த நாளும் வந்து நின்றார். மூன்றாம் முறை நான் வெளியே போய்க் கண்ணாடியில் தட்டினேன்.

"உள்ள வாங்கோவன் அண்ணை."

"இல்லைத் தம்பி. சும்மா இந்தப் பக்கம் வந்தனான்."

"சும்மா வந்தால் வரக் கூடாதே?"

"ஏணி இல்லாமல் போய் ஒரு வீட்டு மணியை அடிச்சு, என்னெண்டு சொல்லுறது?" என்றார். இங்கே போன் எடுத்துக் கேட்காமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. அந்தப் பழக்கம் எங்களுக்கும் தொற்றிவிட்டது.

ஒரு சிரிப்புக்காகக் கேட்டேன்: "உண்மையைச் சொல்லுங்கோ, கோடையில ராகு விட்டாலும் நீங்கள் ஏறியிருக்கமாட்டியள், என்ன?"

அவர் சிரிக்கவில்லை. "கோடையில ஆர் வீட்டில இருக்கினம்? லண்டன், கனடா, கோயில் திருவிழா. ஆளில்லாத கூரையில ஏறி நான் ஆரோட கதைக்கிறது?"

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். அவள் அதிகம் யோசிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, அந்த மனிசனுக்கு வந்துபோக ஒரு சாட்டுத்தானே வேணும்" என்றவள், அடுத்த நாள் வேலைக்குப் புறப்படுமுன் போன் எடுத்தாள்.

"அண்ணை, பீலிக்குள்ள ஏதோ சத்தம் கேக்குது."

"என்ன மாதிரிச் சத்தம் பிள்ளை?"

அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. "அது... நீங்கள் வந்து கேட்டால்தான் தெரியும்."

அவள் சப்பாத்துப் போட்டு முடிக்குமுன் கார் வந்து நின்றது, தலையில் ஏணியோடு. செவ்வாய்க்கிழமை, இரண்டரை மணி தாண்டியிருந்தது. சமையலறைக் கலண்டரைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போட்டேன். சுத்தமான ராகு காலம். அதைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை.

"மகள் ஏறக் கூடாதெண்டு சொன்னவ, ஞாபகமிருக்கே?" என்றாள் மனைவி சைக்கிளை எடுத்துக்கொண்டு.

"ஏறக் கூடாதெண்டுதான் சொன்னவள். பிடிக்கக் கூடாதெண்டு சொல்லேல்லை. தம்பி, ஏறும்!"

எனக்கு உயரமென்றால் பயம். ஆனாலும் ஏறினேன். அவர் கீழே இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்வெட்டர் மூன்று, மஞ்சள் அங்கி, நெற்றியில் விளக்கு. இறுக்கிப் பிடித்திருந்தார், நான் நடுங்கினாலும் ஏணி நடுங்கவில்லை.

"வாத்தியாரின்ர கராஜ் கதை சொன்னனானே?" என்றார்.

"முடிக்கேல்லை அண்ணை. விழுந்திட்டியள்."

"ஓம் என்ன! முதல்ல பீலியைப் பாரும். என்ன கிடக்குது?"

கையால் தடவிப் பார்த்தேன். கம்பனிப் பெடியன்கள் துடைத்து, மேலே வலையும் போட்டிருந்தார்கள். ஓர் இலை இல்லை. கீழே தெருவின் சன்னல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

"நிறையக் கிடக்குது அண்ணை" என்றேன். "இண்டைக்கு முடியாது போல."