எனக்கு வால்வு இல்ல

ஒரு உண்மைய ஒத்துக்கறேன். ராக்கெட்டப் பத்தி நாலு வருசம் படிச்சும், இதுவரைக்கும் நான் வுட்டது ஒண்ணே ஒண்ணு. அதுவும் தீவாளிக்கு வாங்கி மீந்தது.

படிச்சது ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங். (முடிச்சு ரெண்டு வருசம் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தேன். அடுத்து என்ன பண்ணப்போறேன்னு கேக்காத ஒரே ஜீவன் அந்த மாடுதான்.) அப்பா யார் யாரையோ கெஞ்சி, கம்பைநல்லூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியார் வேலைக்குப் பேசி வெச்சாரு. டெமோ கிளாஸ் ஒண்ணு எடுக்கணும். புடிச்சா அன்னிக்கே ஆர்டர்.

"வாய அடக்கிக்கிட்டுப் பேசுடா. இது போச்சுன்னா இனி ஒருத்தரையும் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல"ன்னு வண்டியில கொண்டாந்து இறக்குனவரு, போகாம ஜன்னலோரமா நின்னுட்டாரு.

கிளாஸ் பின்னிட்டேன். "லிக்விட் ராக்கெட்டு கேஸ் அடுப்பு மாதிரி. வால்வத் திருப்புனா கூடும், கொறையும், மூடுனா நிக்கும். அடுப்புக்கு ஆக்சிஜன் காத்துலயே கெடைக்கும். மேல காத்து ஏது? அதனால எரிபொருள் ஒரு டேங்கு, ஆக்சிஜன் ஒரு டேங்கு. சாலிட் அப்புடியில்ல. எரியறதும் எரிய வெக்கறதும் ஒண்ணாக் கலந்து கெட்டியா அடைச்சிருக்கும். வேல சுலுவு, செம வேகம். ஆனா பத்திக்கிச்சுன்னா தீர்ற வரைக்கும் நிக்காது."

கடைசி பெஞ்சுல ஒக்காந்திருந்த ஸ்கூல் கரஸ்பாண்டென்ட் தலையாட்டுனாரு. அதோட நிறுத்தியிருக்கணும். நிறுத்துனேனா?

"வாங்க, காட்டறேன்"னு மொத்த கிளாஸையும் கிரவுண்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். பையில கொண்டாந்த அந்தத் தீவாளி ராக்கெட்ட ஒரு ஹாலோபிளாக் கல்லோட சணல்ல கட்டி, படுக்க வெச்சுப் பத்த வெச்சேன். பறக்காது, தள்ளற வேகத்த மட்டும் பாக்கலாம்னு பிளான். (சணல் எரியும்ங்கறது சிலபஸ்ல இல்ல.)

கிரவுண்டு ஓரத்துல கரஸ்பாண்டென்ட்டோட பட்டுப்புழுக் கொட்டாய். புழு வளக்கறவங்க, கால் கழுவாம வந்தா சொந்த மச்சானக்கூட உள்ள வுட மாட்டாங்க. ஊதுபத்திப் பொகைகூட ஆகாது. என் ராக்கெட்டு ஜன்னல் வலையக் கிழிச்சுட்டு உள்ள போச்சு.

"தம்பி, நிறுத்துங்க! நிறுத்துங்க!"ன்னு கரஸ்பாண்டென்ட் கத்துறாரு.

"அதாங்கய்யா சொன்னேன், சாலிட்ட நிறுத்த முடியாதுங்க!"

டமார். பசங்க கை தட்டுறானுங்க. உள்ளேருந்து அவரு சம்சாரம் தலையெல்லாம் மல்பெரி எலையோட ஓடி வந்தாங்க. "ரெண்டு நாள்ல கூடு கட்டற புழுங்கடா! எந்த எடுபட்ட பய வேல இது?"

கரஸ்பாண்டென்ட் உள்ள போய்ப் பாத்துட்டு வந்தாரு. மனுசன் நல்லவரு, அதான் கொடுமை. "ஒரு அடுக்கு போச்சு, மிச்சம் பொழைச்சுக்கும். தம்பி நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறீங்க. எங்க வூட்டம்மாகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டு ஆபீசுக்கு வாங்க."

வேல கைக்கு வந்தாச்சு. ஒரே ஒரு 'மன்னிச்சுக்கங்க' பாக்கி.

நான் சொன்னது: "ஸ்கூல் கிரவுண்டுல உங்கள எவன்ங்க புழு வளக்கச் சொன்னது?" அங்க ஆரம்பிச்சு பில்டிங்கு, கக்கூசு, அவரு வேட்டி வரைக்கும் போனேன். அப்பா ஓடியாந்து "டேய், போதும்டா, போதும்டா"ங்கறாரு. நிக்கல. தீந்தப்ப கிரவுண்டுல நாங்க ரெண்டு பேருதான். யாருமே இல்லாத கொட்டாயப் பாத்துக் கும்புட்ட கைய அப்பா இன்னும் எறக்கல.

வூட்ல அம்மா "என்னாச்சுங்க?"ன்னு கேட்டுச்சு. ஜன்னலோரமா நின்னு என் கிளாஸ முழுசாக் கேட்டவரு சொன்னாரு: "உம் புள்ளைக்கு வால்வு வெக்க மறந்துட்டோம்டி."

அன்னையிலேருந்து நான் வாயத் தொறந்தா போதும், அம்மா அடுப்பு மூடற மாதிரி வெரலத் திருப்பும். கல்யாணம், காதுகுத்து, எந்த எடமானாலும். இப்ப சொந்தக்காரனுங்க மொத்தமாத் திருப்புறானுங்க.

போன மாசம் ஓசூர்ல ஒரு இன்டர்வியூ. இறுக்கி மூடிட்டுப் போனேன். கேட்டதுக்கெல்லாம் "ஆமாங்க", "இல்லீங்க". பேச வரலன்னு அனுப்பிட்டாங்க.

வூட்டுக்கு வந்து சொன்னேன்.  அம்மா மொத தடவையா வெரல மறுபக்கமா, அடுப்பத் தொறக்கற மாதிரி திருப்புச்சு.

அப்பா வுழுந்து வுழுந்து சிரிச்சாரு. எனக்கு இன்னும் சிரிப்பு வரல.