கிளியம்மாளை ஒரு நிமிஷம் அசையாமல் உட்கார வைத்த விவரம்

சுங்குவார்சத்திரம்,
புதன்கிழமை.

அன்புள்ள பேத்தி ஷாலினுக்கு, ஆயா ஜெபமணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். தண்டலம் ஹாஸ்டல் சாப்பாட்டில் நீ இளைத்துப் போகாமலிருக்க ஜெபிக்கிறேன்.

உனக்குப் பரீட்சை, காலேஜ் கண்காட்சிக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஊர்க்காரர் முகப்படம் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் உன் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, இதுதான் கேமரா என்று ஊசித் துளை போட்ட பால்பவுடர் டப்பாவில் படம் விழுகிற தாள் ஒன்றே ஒன்றை வைத்துக் கொடுத்தாய். துளைமேல் இருக்கிற டேப்பை எடு, எதிரே இருப்பவரை ஒரு நிமிஷம் ஆடாமல் இருக்கச் சொல், மறுபடி ஒட்டு, அவ்வளவுதான் என்றாய். நானும், "ஊரையே நிக்க வெச்சிடறேன் பாரு" என்று வாய்விட்டேன். தண்ணி லாரிக்காரன் பயப்படுகிற வாய் ஆயிற்றே. ஆனால் திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில், கம்பெனி ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்ற பெண்களிடம் "உன்னைப் படம் எடுக்கட்டுமா" என்று கேட்க அந்த வாய் திறக்கவில்லை. மூன்று பஸ் போயிற்று, டப்பாவை நீட்டிக்கொண்டு சும்மா நின்றேன். ஒரு பெண் பாவம் பார்த்து மூடிமேல் பத்து ரூபாய்க் காசு வைத்தாள். நான் பிச்சைக்காரி இல்லை என்று சொல்லவும் கூச்சம். "நல்லா இரும்மா" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால், எதிர்வீட்டு கிளியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னையே முறைக்கிறாள். 2004 மே மாதம், உன் அம்மா நிச்சயதார்த்தத்தில், இரண்டாம் பந்தியில், அத்தனை பேர் நடுவில், "மாப்ள கொஞ்சம் குட்டையா கீறாரே" என்றவள். உன் அப்பா குட்டைதான், அது வேறு விஷயம். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. பிடிக்காதவளிடம் என்ன கூச்சம் என்று டப்பாவை மதில்மேல் வைத்து, டேப்பை எடுத்து, "ஆடாதே" என்றேன்.

"நான் இன்னாத்துக்கு ஆடணும்? நீ ஆடாத" என்றாள்.

வீம்புக்கு உட்கார்ந்தாள் பார், மூக்கில் ஈ உட்கார்ந்தும் ஓட்டவில்லை. கடிகாரம் கையில் இல்லை, ஒரு நிமிஷத்துக்குப் பரமண்டல ஜெபத்தை இரண்டு தடவை சொன்னேன். மன்னிக்கிற வரி வந்தபோது இரண்டு தடவையும் இருமல் வந்தது. டேப்பை ஒட்டினேன்.

"மாப்ள சௌக்கியமா?" என்றாள் அவளே.

"ஒயரமாத்தான் கீறாரு" என்றேன். சிரித்துவிட்டாள். நானும்தான். டீ குடிக்க வந்தாள், இருட்டுகிற வரை போகவில்லை. இன்றும் வந்திருக்கிறாள். கூச்சமும் போயிற்று, பழைய கோபமும் போயிற்று.

உனக்கும் உன் குட்டை அப்பாவுக்கும் ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடு.

ஆயா ஜெபமணி

பின்குறிப்பு: நான் உறை எடுக்க உள்ளே போன நேரத்தில், தன் மூஞ்சி எப்படி விழுந்திருக்கிறது என்று கிளியம்மாள் டப்பா மூடியை வெயிலில் திறந்து பார்த்துவிட்டாள். நீ மருந்தில் கழுவினால்தான் முகம் தெரியும், அதற்குள் வெளிச்சம் பட்டால் தாள் பாழ் என்று கத்தினேன். "வெறுந் தாளுக்கா என்னெ உக்கார வெச்ச? பொய்க்காரக் குடும்பம்" என்றாள். மறுபடி பேச்சில்லை. பஸ் டிரைவரிடம் டப்பாவைக் கொடுத்தனுப்புகிறேன், நாளைக்கே வேறு தாள் போட்டு அனுப்பு. எதிர்வீட்டு வாசலில்தான் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்தத் தடவை ஐந்து நிமிஷம் ஆனாலும் அசைய மாட்டாள்.