நாற்பது பேருக்குத் தளபதி

பதினோரு வருடம் மற்றவர்களின் விண்ணப்பங்களை எழுதிப் பிழைத்தவன் நான். அத்தனை வருடத்தில் என் கையால் கெட்டுப்போன விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான். அது என் சொந்தக் குடும்பத்துடையது.

சின்னமனூரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், பட்டா மாறுதல், பயோடேட்டா என்று எதையும் கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுப்பதே உண்மையான தொழில். அதிலும் பயோடேட்டாவில் எனக்குத் தனிப் பெயர். ஜவுளிக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவரை 'டெக்ஸ்டைல் எக்ஸிகியூட்டிவ்' ஆக்குவேன். தோட்டத்துக்கு மருந்தடித்தவர் என் பிரிண்டரிலிருந்து பயிர்ப் பாதுகாப்பு நிபுணராக வெளியே வருவார். "தலைமைப் பண்பு தெரியணும்ப்பா, அதைத்தான் பாப்பாய்ங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். (எனக்கு வேலை கொடுத்தவர் யாருமில்லை என்பதை யாரும் கவனித்ததில்லை.)

என் மனைவி கலைச்செல்வி பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தவள். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சை விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருந்தாள். அவளுக்குக் கனடாவில், கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி வளர்க்கும் ஒரு பண்ணையில் இரண்டு வருட வேலை கிடைத்தது. அவளுக்குத் தற்காலிக வேலை அனுமதி, கணவன் என்ற முறையில் எனக்கு ஒன்று, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இனியாவுக்கு விசா. எல்லாவற்றுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

"மதுரையில ஒரு ஏஜென்ட் இருக்காக. எங்கூட வேலை பாக்குற அக்காவுக்கு அவுகதான் போட்டுக் குடுத்தாக. கேட்டுப் பாப்பமா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உத்தமபாளையத்திலிருந்தெல்லாம் ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். நான் போய் இன்னொருவர் முன்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு உட்காருவதா?

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

நான்கு நாட்கள் நிரப்பினேன். என்னுடைய படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்தது. ராணுவம், துணைப்படை, காவல்துறை, பாதுகாப்பு அமைப்பு எதிலாவது, தொண்டராகவாவது, பணியாற்றியதுண்டா?

"இல்லேன்னு போட்டுட்டுக் கீழ போங்க" என்றாள் கலைச்செல்வி.

"தொண்டராகவாவதுன்னு கேட்டிருக்குல்ல. வீரபாண்டித் திருவிழாவுல நான் விசில் வச்சுக்கிட்டு நின்னேன்ல. மறைச்சோம்னு தெரிஞ்சா உள்ளயே விடமாட்டாய்ங்க."

"அது சாமி கும்பிட வந்த கூட்டத்துக்கு வரிசை கட்டுனது. அதுக்கும் பட்டாளத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"படிவத்தைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றேன். அவள் இனியாவைக் கூப்பிடப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அந்த இருபது நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது.

'ஆம்' என்றதும் கீழே புதிய கட்டங்கள் திறந்தன. பதவி என்ன? 'தொண்டர்' என்று அடித்தேன். திரையில் ரொம்ப மெலிவாகத் தெரிந்தது. அழித்துவிட்டு 'கமாண்டர்' என்று போட்டேன். உங்கள் கீழ் எத்தனை பேர்? அன்று வரிசையில் நின்ற தொண்டர்கள் மொத்தம் நாற்பது பேர். நாற்பது. பணி என்ன? அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறவர்களுக்கு வழி ஒதுக்கிக் கொடுத்தது. அதை நான் ஆங்கிலப்படுத்தியதைத் திருப்பித் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நெருப்புப் பானைகளுடன் அணிவகுத்து வந்த பல்லாயிரம் பேரைக் கட்டுப்படுத்துதல்.' படித்துப் பார்த்தேன். எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஏகப்பட்ட நம்பிக்கை. கடையைச் சித்தப்பா மகனுக்குக் கைமாற்றினேன். இனியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் டிசி வாங்கினேன். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் மாமனார் கிடா வெட்டிச் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு வழியனுப்பு விருந்தே வைத்துவிட்டார்.

விருந்து முடிந்த மறுவாரம் கடிதம் வந்தது. என்னுடைய 'படைப் பணி' பற்றி ஓர் அதிகாரி தொலைபேசியில் விசாரிப்பாராம். அது முடியும்வரை மூன்று விண்ணப்பங்களும் நிற்கும். அதே வாரம் பண்ணையிலிருந்தும் ஒரு மின்னஞ்சல். நாற்று நடும் தேதிக்குள் கலைச்செல்வி வரமுடியாவிட்டால் வேறு ஆளை எடுக்க வேண்டியிருக்கும், வருந்துகிறோம்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அவளுடைய வேலையையும் விட்டாகிவிட்டது. தெருவில் போனால், "என்ன ஆத்தா, இன்னும் கெளம்பலையா?" என்று கேட்கிறார்கள். இனியா காலையில் குளித்துவிட்டு வந்து, "நான் இப்ப எந்த ஸ்கூலுப்பா?" என்கிறாள். நான், "சின்ன வெரிஃபிகேசன்தான்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். படிவத்தில் எழுதியதைக் கலைச்செல்வியிடம் காட்டவில்லை.

அழைப்பு வந்த அன்று மாமனாரும் போடியிலிருந்து வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போனை ஸ்பீக்கரில் வைத்தேன். ஒரு பெண் அதிகாரி. தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டார். தேவையில்லை என்றேன். (வாழ்க்கையில் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்பும் சொல் எது என்று யாராவது கேட்டால், இதுதான்.) ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

"உங்கள் கீழ் நாற்பது பேர் இருந்தார்களா?"

"ஆமாம்."

கலைச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆயுதங்கள்?"

"கம்பு மட்டும். அப்புறம் ஒரு நீளக் கயிறு."

"கயிறு எதற்கு?"

"பெண்களைத் தனியாகப் பிரிப்பதற்கு."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"அந்த நெருப்பு. யார் வைத்தது?"

"யாரும் வைக்கவில்லை. அவரவர் கொண்டு வருவார்கள்."

"எதற்காக?"

"அம்மாவுக்காக" என்றேன். அம்மனை ஆங்கிலப்படுத்தும் அவசரத்தில் கோவிலை விட்டுவிட்டேன்.

"யாருடைய அம்மா?"

"எல்லாருக்கும் அம்மா."

மாமனாருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மகளின் முகத்தைப் படிக்கத் தெரியும். "என்னத்தா சொல்றாக மாப்ள?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டார். அவள் போனை என் முன்னாலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தான்தான் முதன்மை விண்ணப்பதாரர் என்று சொன்னாள். என் ஆங்கிலத்தில் கால்வாசிகூட இல்லை அவளுடையது. சின்னச் சின்ன வாக்கியம்.

"அது கோவில் திருவிழா. அம்மன் என்பது சாமி. சட்டியில் நெருப்பு என்பது வேண்டுதல். கயிறு, பெண்களுக்குத் தனி வரிசை. படை எதுவும் இல்லை. என் கணவர் தளபதி இல்லை. அரை நாள் தொண்டர்."

"அரை நாளா?"

"காலையில் போனார். சித்திரை மாதம், கடும் வெயில். இரண்டு மணிக்கு மயங்கி விழுந்தார். அந்த நாற்பது பேரில் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய் நிழலில் படுக்க வைத்தார்கள்."

அதிகாரி இருமுவது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு, தொண்டர்களுக்கு உண்மையிலேயே பொறுப்பாக இருந்தவரிடமிருந்து ஒரு கடிதம் அனுப்புங்கள், போதும் என்றார்.

அழைப்பு முடிந்ததும் கலைச்செல்வி கம்ப்யூட்டரைத் திறந்து என் படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "கமாண்டர்" என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

தொண்டர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் வீரபாண்டியில் பழக்கடை வைத்திருக்கும் ராசாங்கம் அண்ணன். போய் விஷயத்தைச் சொன்னேன். எலுமிச்சம்பழத்தை எண்ணிப் போட்டுக்கொண்டே கேட்டார். "அப்ப கமாண்டர்னா நாந்தானப்பா" என்றார். "கையெழுத்துத்தானே, போடுறேன். இங்கிலீசு எனக்கு வராது. நீயே அடிச்சுக் கொண்டா. மயக்கம் போட்டதையும் சேத்து எழுது, அப்பத்தான் நம்புவாக."

'மேற்படி நபர் அரை நாள் மட்டுமே பணியாற்றினார். அவருக்குக் கீழ் எவரும் இல்லை. அவர் மயக்கமுற்று அகற்றப்பட்டார்.' என்னுடையதாக இருந்த கடையில், என்னுடையதாக இருந்த கம்ப்யூட்டரில், என் கையாலேயே அடித்தேன். நான் எழுதியவற்றிலேயே ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லாத முதல் ஆவணம் அது.

அனுமதி வந்தபோது நாற்று நடுவதற்கு ஒன்பது நாட்கள் இருந்தன. போய்ச் சேர்ந்தோம். கலைச்செல்வி அங்கே வரிசை வரிசையாகத் தக்காளியைப் பார்த்துக்கொள்கிறாள். நான் அதே பண்ணையில் அதை அட்டைப் பெட்டியில் அடுக்குகிறேன். ஊருக்கு எழுதும்போது 'பேக்கிங்' என்று மட்டும் எழுதுகிறேன். இரண்டு வருடம் கழித்து அனுமதியை நீட்டிக்கும்போது எல்லாப் படிவத்தையும் அவளே நிரப்பினாள். என்னைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டாள், அதுவும் விரலை வைத்து இடத்தைக் காட்டி.

இந்தச் சித்திரையில் விடுமுறைக்கு வந்திருந்தோம். குடும்பத்தோடு வீரபாண்டிக்குப் போனபோது மாமனார், வரிசையில் விசிலோடு நின்ற ஒருவரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.

"எங்க மாப்ள. இங்கன நாப்பது பேரை வச்சு ஆண்டவுக" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒண்ணரை ஆச்சு. அவுகளுக்கு நெழல்ல ஒரு நாக்காலி போட்டுருங்க."