ஐட்லிங் சரியில்லை

அவர் அவளிடம் கடைசியாகக் கேட்டது ஒரு பழைய டூத்பிரஷ்.

"எதுக்கு?"

"கார்புரேட்டர் கழுவ."

"போன தடவையும் பழசுன்னு சொல்லித்தான் என் பிரஷ்ஷை எடுத்தீங்க. மறுநாள் வாயெல்லாம் பெட்ரோல் நாத்தம்."

"அதைப் பார்த்தா பழசு மாதிரிதான் இருந்துச்சு. நீ தேய்க்கிற தேய்ப்புக்கு எந்தப் பிரஷ்தான் புதுசா இருக்கும்?"

அவள் ஒன்றைத் தேடி எடுத்து, தன்னுடையது இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு கொடுத்தாள். அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சீட்டியடித்தபடி மாடியிறங்கிப் போனார். சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். கழுவியும் வாசம் போகாத கையால் சாப்பிட்டார். படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை. அதில் அதற்குமேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். கேட்டவர்களிடமெல்லாம் அவளும் அதையே சொன்னாள்.

வரவேண்டியவர்கள் வந்து போனார்கள். மழைக்காலமும் வந்து போனது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அது குள்ளமான, இரண்டே கதவுள்ள சிவப்புக் கார். அதில் ஏறுவதென்பது கிடையாது, இறங்கத்தான் வேண்டும். உள்ளே பந்தயத்துக்கென்று முடுக்கிய எஞ்சினும் இரட்டைக் கார்புரேட்டரும். காப்பீட்டு அலுவலகத்தில் நொறுங்கிய கார்களை மதிப்பிடுவது அவர் வேலை. "நாளெல்லாம் நசுங்கினதையே பார்க்கிறேன். வீட்டுலயாவது முழுசா ஒண்ணு இருக்கட்டுமே" என்று சொல்லித்தான் வாங்கினார்.

அவள் காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, இருக்கிறதா இல்லையா என்பது போன்ற சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் கை தூக்க வேண்டும். கேட்காமலே கை தூக்குகிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். உலகத்தில் யார் காதை அவள் சந்தேகப்பட்டாலும் தன் காதைச் சந்தேகப்பட்டதில்லை.

தினமும் காலையில் அவர் முதலில் இறங்கிப் போய்க் காரைக் கிளப்புவார். அவள் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, குடை ஞாபகம் வந்து திறந்து, மறுபடி பூட்டுவாள். அவ்வளவு நேரமும் கீழே அந்தக் கார் ஒரே சுருதியில் நிற்கும். ஒரு பிசிறு இருக்காது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிப்பதுபோல அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கி வருவாள்.

அவர் குரலை அவள் எதிலும் பதிவு செய்து வைத்திருக்கவில்லை. யார்தான் செய்கிறார்கள்? இந்தச் சத்தம் ஒன்றுதான் சாவியைத் திருப்பினால் திரும்பக் கேட்கும் என்று நினைத்திருந்தாள். அதனாலேயே அதை உடனே செலவழித்துவிடக் கூடாது என்று தள்ளித் தள்ளி வைத்திருந்தாள்.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. பிடித்த உடனே, நனைந்த நாய் மாதிரி உதறியது. ஸ்டியரிங் நடுங்கியது. அவள் மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. கார் நாலு தடவை இருமி அணைந்துபோனது.

எடுக்காமலே போட்டுவைத்து நாமே கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, வெகுநேரம் அவள் அதிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

கொழுந்தனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இருந்தால், போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்வான். "சின்ன விஷயம் அண்ணி. பெட்ரோலும் காத்தும் கலக்கிறதுல கோளாறு. கார்புரேட்டருக்கு ரெண்டு ஸ்க்ரூ. திருகினா தீர்ந்தது."

திருகினான். உதறல் கூடியது. இன்னொன்றைத் திருகினான். இன்னும் கூடியது.

"சரி, பழையபடி வச்சுடு" என்றாள் அவள்.

"பழையபடின்னா எப்படி?"

"எவ்வளவு திருகினியோ அவ்வளவு."

"எந்த ஸ்க்ரூவை?"

அவள் பதில் சொல்வதற்குள் சைலன்சர் ஒரு பெரிய கரும்புகையை விட்டது. கொடியில் கீழ்வீட்டம்மாவின் வெள்ளைப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. கார் நிற்கிற இடத்தைப் பார்த்த ஜன்னலிலிருந்து அந்த அம்மாவின் தலை எட்டிப் பார்த்தது.

"நான் இதைச் சாம்பல் கலர்ல வாங்கினதா ஞாபகம் இல்லையே!"

போர்வைகளை அவளே வாங்கி மாடிக்குக் கொண்டுபோய்த் துவைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்தார். அவரை எல்லாரும் 'பொறுமை' என்று கூப்பிடுவார்கள். அது அவரிடம் கொஞ்சமும் இல்லாததால் வைத்த பெயர்.

"யார் இந்த ஸ்க்ரூவையெல்லாம் திருகினது?"

கொழுந்தன் வானத்தைப் பார்த்தான்.

"கையை உடைக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பொறுமை வேலையைத் தொடங்கினார். ஊசிப்போன பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினார். கார்புரேட்டர்களைக் கழற்றிக் கழுவினார். எஞ்சினோடு அவை சேருமிடத்தில் ஸ்பிரே அடித்துப் பார்த்து, "இங்கே காத்து இழுக்குது" என்றார். அங்கே காற்றுப் புகாமல் அடைக்கிற பேக்கிங், அப்பளம் மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. புதிது போட்டார். கிளப்பினார். அதுவரை ஒரு மாதிரி உதறிய கார் இப்போது இரண்டு மாதிரி உதறியது.

"ஒரு கார்புரேட்டர் கூட இழுக்குது, ஒண்ணு குறைச்சு இழுக்குது. சமமாக்கணும்." ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயருகே வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு அடுத்ததில் கேட்டார். "இப்ப சமம்."

"இங்கே கொடுங்க" என்று அவள் குழாயை வாங்கினாள். உள்ளே காற்று 'ஸ்ஸ்' என்று ஓடிக்கொண்டிருந்தது. "இல்ல. இடது பக்கம் ஒரு துளி அதிகம்."

"எனக்குத் தெரியலையே."

"உங்க வலது காதுல கொஞ்சம் குறை இருக்கு. ஒரு நாள் நிலையத்துக்கு வாங்க."

"அம்மா, நான் கார் பார்க்க வந்தேன்."

அவர் திருகத் திருக அவள் கண்ணை மூடிக் கேட்டாள். சமமானதும் கையைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் தெரிந்தது, இத்தனை வருடத்தில் அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை என்று. நன்றாகக் கேட்க வேண்டுமே என்று உள்ளே இருப்பவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள்.

இரண்டும் மயிரிழை பிசகாமல் சமமாயின. கார் சமமாக உதறியது.

"ஸ்பீடை ஏத்திவிட்டா நின்னுடும்" என்றான் கொழுந்தன். யாரும் தடுப்பதற்குள் ஏற்றியும் விட்டான். உதறல் நின்றுவிட்டது. ஆனால் தெருவே அதிர்ந்தது.

"இது நிக்கல, பறக்கத் தயாராகுது!" என்று பொறுமை கத்தினார். "அணை, அணை!"

கொழுந்தன் சாவியைத் திருப்பி உருவினான். எஞ்சின் நிற்கவில்லை. சூடேறிப்போய், யார் தயவும் வேண்டாமென்று தானாக எரிந்து தடதடவென்று ஓடியது.

"சாவி என் கையில இருக்கு அண்ணி! சத்தியமா என் கையிலதான் இருக்கு!"

பொறுமை பாய்ந்து உள்ளே விழுந்து, கியரைப் போட்டு, கிளட்சை விட்டார். கார் ஒரே ஒரு முறை முன்னால் துள்ளி, கீழ்வீட்டுக் குப்பைத்தொட்டியை முத்தமிட்டு அடங்கியது.

பொறுமை ஸ்பீடைக் குறைத்து வைத்தார். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். மூடினார். வழக்கமில்லாத மெதுவான குரலில் பேசினார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இதுல போட்டிருக்கிறது ரேஸ் கேம். வால்வைத் திறந்து மூடுமே, அந்தத் தண்டு. வேகத்துக்காகவே வெட்டினது. ஓடினா பாடும், நின்னா இருமும். இது நோயில்லம்மா, சுபாவம்."

அந்தத் தண்டை அவளுக்குத் தெரியும். ஒரு நாள் அவள் கணவர் அதை டவலில் சுற்றி, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோலக் கொண்டுவந்து காட்டினார். சாப்பாட்டு மேஜையில் எண்ணெய்க்கறை படிந்ததற்கு அன்று பெரிய சண்டை.

"அப்படின்னா நான் தினமும் கேட்டது?"

"அதுதான் எனக்கும் புரியல."

"நான் காது பார்க்கிறவ."

"அதனாலதான் சொல்லப் பயந்தேன்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "சாதாரண கேம் ஒண்ணு கிடைக்கும். போட்டா பூனை மாதிரி நிக்கும். ஆனா அதுக்கப்புறம் இது உங்க வீட்டுக்காரர் பண்ணின வண்டி இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

கார் மறுபடி உதறிக்கொண்டு நின்றது. அவள் அதன் மேல் கையை வைத்தாள். அவர் தன் கையால் வைத்ததை எடுத்தெறிந்தால்தான் அவருடைய சத்தம் திரும்ப வரும். அதை வைத்துக்கொண்டால் சத்தம் போய்விடும். இரண்டில் எது அவர்? நடுக்கம் உள்ளங்கை வழியாக முழங்கை வரை ஏறியது.

"அண்ணி, அண்ணன் இருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்றான் கொழுந்தன்.

"உன்கிட்ட, இதைத் தொடாதேன்னு சொல்லியிருப்பார்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கழட்டிடுங்க. எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

பொறுமை ஸ்பானரை எடுத்தபோது, நசுங்கிய குப்பைத்தொட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டம்மா வெளியே வந்தாள்.

"போர்வையாச்சு, தொட்டியாச்சு. இனி சுவர்தான் பாக்கியா?"

"மன்னிச்சுக்குங்க. புதுசு வாங்கித் தர்றேன். இன்னியோட முடிஞ்சுடும், உள்ளே ஒண்ணை மாத்தப் போறாங்க. அவர் இருந்தப்ப நின்ன மாதிரி இது நிக்கணும், அவ்வளவுதான்."

"எந்த மாதிரி?"

"உதறாம. நான் இறங்கி வர்ற வரைக்கும் ஒரே சுருதியா நிக்குமே, உங்களுக்குக் கேட்டிருக்காதா?"

கீழ்வீட்டம்மா காரைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். தொட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நீங்க மேலேருந்து கேட்டீங்கம்மா, நான் ஜன்னல்லேருந்து பார்த்தேன். நீங்க வர்ற வரைக்கும் அந்த மனுஷன் ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்ததே கிடையாது. வலிக்கலையான்னு கேட்டா, 'என் வண்டியில அவளுக்குப் பிடிச்சது இந்தச் சத்தம் ஒண்ணுதான்'னு சொல்வார். நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கு எடுத்தார்னா, இதோ, இதே உதறல்தான்."